கிண்டியில் திரித்த முப்புரி

ஆலங்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா கயிறு திரிப்பார். கற்றாழை நாரைத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, தொடையில் வைத்து உருட்டி, ஒவ்வொரு புரியாக முறுக்குவார். மூன்று புரி ஆனதும் அவற்றைச் சேர்த்துத் திரிக்கும்போது மட்டும் அவர் கை எதிர்ப்பக்கம் போகும். அதைப் பார்த்து நான் கேட்டபோது, "ஏல, எல்லாத்தையும் ஒரே பக்கமா முறுக்குனா விட்ட கையோட பிரிஞ்சிரும்லா. எதிர்ப்பக்கம் முறுக்குனாத்தான் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிடும்" என்றார்.

அதே வீட்டின் அடுக்களையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப்பு கொதிக்கும். ஆச்சி விறகடுப்பில் மூன்று மணி நேரம் விடுவாள். மார்கழிக் குளிரில், மிச்சம் வைத்த சூப்பு மறுநாள் காலையில் சட்டியோடு உறைந்திருக்கும். சட்டியைச் சாய்த்தால் அசையும், கொட்டாது. விரலால் தொட்டால் நடுங்கும். அடுப்பில் ஏற்றினால் பழையபடி தண்ணீர்.

தாத்தாவின் கயிறும் ஆச்சியின் சட்டியும் ஒரே விஷயம் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்த ஓர் இயற்பியல் ஆய்வகம்.

ஆலங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறினால், வழியில் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வரும். அது 1990-இல் தொடங்கியது. அதற்கு முன் எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் மதுரைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. மதுரை 1966-இல் வந்தது. அதற்கும் முன், பாளையங்கோட்டையில் படித்த எவரும் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரிதான். ஆகவே 1950-களின் கிண்டி ஆய்வகத்தை எங்கோ தலைநகரத்துச் சமாச்சாரமாக நான் நினைப்பதில்லை. அன்றைக்கு அது எங்களுடைய பல்கலைக்கழகத்தின் ஆய்வகம்.

ஆய்வகக் கட்டடம் என்பதே அப்படியொன்றும் பழைய வழக்கம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இயற்பியல் பேராசிரியர்கள் பலர் தங்கள் சொந்த வீட்டில்தான் சோதனை செய்தார்கள். கேம்பிரிட்ஜ் போன்ற பெரிய பல்கலைக்கழகத்துக்கே 1874-இல்தான் இயற்பியலுக்கென்று ஒரு கட்டடம் கிடைத்தது. அப்போது வேந்தராக இருந்த டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கேவென்டிஷ் 6,300 பவுன் கொடுத்தார். முதல் பேராசிரியரான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், மின்காந்த அலையின் கணக்கை எழுதிய அதே மனிதர், கட்டடத்தின் ஒவ்வோர் அறையையும் யோசித்து அமைத்தார். நுட்பமான கருவிகளை வைக்கும் மேசைகள் தரையைத் தொடாமல், தனி அஸ்திவாரத்தில் எழுந்த தூண்களின் மேல் நின்றன. பக்கத்தில் ஒருவர் நடந்தால் தரைதான் அதிரும், தராசு அதிராது. கட்டடமே ஒரு கருவி என்று அவர் எண்ணியிருக்கிறார்.

அந்தக் கேவென்டிஷ் ஆய்வகத்துக்கு 1947-இல் நம் பக்கத்துப் பையன் ஒருவர் போய்ச் சேர்ந்தார். ஜி. என். ராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தை அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை சி. வி. ராமன் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் வூஸ்டர் என்ற படிகவியலாளரிடம் இரண்டு ஆண்டு வேலை செய்து, 1949-இல் பெங்களூர் திரும்பினார்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் கிண்டியில் புதிதாக ஓர் இயற்பியல் துறையைத் தொடங்க முடிவு செய்தது. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர், 1942 முதல் 1969 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். துறைத் தலைவர் பதவியை முதலில் ராமனிடம்தான் கேட்டார். ராமன் மறுத்து, தன் மாணவர் ராமச்சந்திரனைச் சொன்னார். வயது முப்பதுகூட நிறையவில்லை. ராமன் வாய்ச்சொல்லை நம்பி ஒரு துறையையே அந்த இளைஞரிடம் ஒப்படைத்த முதலியாரின் மனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் பல்கலைக்கழகங்களில் அந்தத் துணிச்சல் பிறகு அடிக்கடி காணக் கிடைக்கவில்லை.

இனி கிண்டிக் கட்டடத்துக்கு என்ன தேவைப்பட்டது என்று பார்க்கலாம். ராமச்சந்திரன் கையில் எடுத்தது எக்ஸ் கதிர்ப் படிகவியல். வெற்றிடக் குழாய்க்குள் பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் எலெக்ட்ரான்களைச் செம்புத் தகட்டின் மேல் மோதவிட்டால் எக்ஸ் கதிர் பிறக்கும். மோதலின் பெரும்பகுதி ஆற்றல் வெறும் சூடாகத்தான் போகும்; அந்தத் தகடு உருகாமல் இருக்கப் பின்னால் இடைவிடாமல் தண்ணீர் ஓட வேண்டும். குழாயில் தண்ணீர் நின்றால் ஆய்வு நின்றது. மின்சாரம் ஏறி இறங்கினாலும் அப்படித்தான். கதிர் வெளியே சிதறாமல் ஈயம் வேண்டும். படச்சுருளைக் கழுவ இருட்டறை வேண்டும். அங்கே கழுவும் ரசாயனக் கரைசல் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் படம் சுத்தமாக வரும். சித்திரை வெயிலில் கிண்டியில் அது எவ்வளவு சிரமம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நார்த்துண்டைக் கதிரின் முன் வைத்தால் படம் விழப் பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் எதுவும் அசையக்கூடாது.

படம் என்றால் நாம் பார்க்கும் நிழற்படம் மாதிரி இருக்காது. நடுவில் ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் சில வளைகோடுகள், சில புள்ளிகள். செம்பின் எக்ஸ் கதிருக்கு அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாக வகுத்தால் அதில் ஒரு பங்கு. அணுக்களுக்கு இடையே உள்ள தூரமும் இந்த அளவுதான். அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அவற்றில் பட்டுச் சிதறும் அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று கூட்டும், மற்றத் திசைகளில் அழிக்கும். கூட்டும் இடத்தில் புள்ளி. நெருக்கமான அடுக்கு என்றால் புள்ளி நடுவிலிருந்து தள்ளி விழும்; அகலமான அடுக்கு என்றால் கிட்டத்தில் விழும். இந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு அணுக்கள் நிற்கும் இடத்தைக் கணக்கால் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். தாயம் ஆடி முடித்த பிறகு திண்ணையில் கிடக்கும் சோழிகளைப் பார்த்து ஆட்டம் முழுவதையும் சொல்வதுபோல.

துறை தொடங்கிய அதே 1952-இல் இங்கிலாந்திலிருந்து ஜே. டி. பெர்னால் சென்னை வந்தார். எக்ஸ் கதிரால் புரதங்களைப் பார்க்கத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர். ராமச்சந்திரன் தன் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பெர்னால் சொன்னார்.

நம் உடம்பின் புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண் எல்லாவற்றுக்கும் அதுதான் கட்டுக்கயிறு. தோல் என்று சொன்னதும் அந்த வளாகத்தில் இருந்த எவருக்கும் கண் தானாகச் சாலைக்கு அப்பால் போயிருக்கும். சர்தார் படேல் சாலைக்கு எதிரே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது, 1948-இல் தொடங்கியது. அது அங்கே வந்ததற்குக் காரணம் தமிழ்நாட்டின் தோல் பதனிடும் ஊர்கள்: ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல். அந்த ஊர்களின் பழைய தொழிலுக்கு மூலப்பொருள் ஆவாரம்பட்டை. எங்கள் ஊர்ப் பொத்தை அடிவாரத்தில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான். அதன் பட்டையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டு, பச்சைத் தோலை அழுகாத தோலாக்கும். தோலைப் பதப்படுத்தியவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் புரதத்தைக் கையாலேயே அறிந்திருந்தார்கள். நாற்றமும் சுண்ணாம்பும் அவர்களுக்கு, மரியாதை வேறு யாருக்கோ என்று இருந்த சமூகத்தில், அந்தக் கையறிவு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் வாசல்வரை வந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தோல் நிறுவனத்திலிருந்து ராமச்சந்திரனுக்குக் கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண். கொலாஜன் இழைகள் அதில் நேர்நேராக ஓடுவதால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழும். ராமச்சந்திரனோடு இந்த வேலையில் இறங்கியவர் கோபிநாத் கர்த்தா. சேர்த்தலையில் பிறந்தவர், அவரைவிடச் சில வயது இளையவர்.

அவர்கள் கையில் இருந்தவை கொஞ்சம்தான். படத்தில் ஒரு வளைகோடு 2.86 ஆங்ஸ்ட்ராம் என்ற தூரத்தைக் காட்டியது. சங்கிலியின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நீளவாக்கில் உள்ள இடைவெளி அது. இன்னொரு தகவல் வேதியியலிலிருந்து. புரதம் எதுவானாலும் அமினோ அமிலங்கள் கோத்த மாலைதான். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மற்றவை ஒவ்வொன்றும் பக்கவாட்டில் ஏதாவது ஓர் அணுக்கூட்டத்தைச் சுமந்துகொண்டிருக்க, கிளைசினுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு.

மூன்றில் ஒரு பங்கு என்ற அந்தக் கணக்கு தற்செயலாக இருக்க முடியாது என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்று சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் நடுவில் மிகக் குறுகிய இடம்தான் மிஞ்சும். அந்த இடத்தில் எந்தக் கண்ணி வந்தாலும் அது கிளைசினாக இருந்தால்தான் நுழையும். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதற்கு மூன்றாவது கண்ணி கிளைசின். அந்த மூன்றாவது எப்போதும் உள்ளே பார்த்து நிற்கும். 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் இரண்டு பக்கக் கட்டுரை வந்தது. கிண்டியில் துறை தொடங்கி இரண்டே ஆண்டு.

அந்த முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது, அதை அவர்களே திருத்தினார்கள். முதலில், சுருளாக முறுக்கிய மூன்று சங்கிலிகளும் நேராக இணையாக நின்றன. படப் புள்ளிகளை மறுபடி மறுபடி அளந்து பார்த்தபோது, ஒரு சுற்றுக்கு மூன்று கண்ணி என்ற கணக்கு சற்றுப் பிசகியது. மூன்றும் மூன்றில் ஒன்றும் என்று வந்தது. நேரான சுருள்களுக்கு அது பொருந்தாது. மூன்று சுருள்களும் ஒன்றையொன்று சுற்றி மறுபடி முறுக்கிக்கொண்டால் பொருந்தும். நிலா பூமியைச் சுற்றும்போது தானும் மெல்லத் திரும்புவதால்தான் ஒரே முகத்தை நமக்குக் காட்டுகிறது. அதுபோல ஒவ்வொரு சங்கிலியும் மற்ற இரண்டைச் சுற்றிப் போகும்போதே தானும் திரும்பி, கிளைசினை எப்போதும் நடுவைப் பார்க்க வைக்கிறது. 1955-இல் இந்தத் திருத்திய வடிவம் வெளிவந்தது. ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் சுழலும்; மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கும்.

தாத்தாவின் கை போன திசை அது. விட்ட கையோடு பிரியாத முப்புரி.

அதே ஆண்டு நவம்பரில் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். முப்புரி சரி, முறுக்கு சரி. ஆனால் ராமச்சந்திரன் வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன, சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று கண்ணிக்கு இரண்டு வராது, ஒன்றுதான் வரும் என்றார்கள். ஹைட்ரஜன் பிணைப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதே பின்னாளில் நிலைத்தது. இதை மறைத்து எழுதுவது நம்மவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் முப்புரி என்ற மூல எண்ணம் கிண்டியில் பிறந்தது.

"அணுக்கள் இடிக்கின்றன" என்ற அந்தக் குற்றச்சாட்டு ராமச்சந்திரனை விடவில்லை. எவ்வளவு நெருங்கினால் இடி? யாரும் ஒழுங்காக அளந்து வைத்திருக்கவில்லை. அவர் தன் மாணவர்களோடு, அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் தேடி எடுத்து, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு கிட்ட வந்து நிற்கின்றன என்று பட்டியல் போட்டார். இரண்டு கார்பன் என்றால் வழக்கமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், போனால் போகட்டும் என்றால் 3.0. இரண்டு ஹைட்ரஜன் என்றால் 2.0, கடைசிக் கடைசியாக 1.9. இப்படி ஒவ்வொரு சோடிக்கும்.

நம் பழைய வீடுகளில் ஒரே நிலைத்தூணை ஒட்டி இரண்டு கதவு இருக்கும். ஒன்றை அகலத் திறந்தால் மற்றொன்று அதில் போய் இடிக்கும். இந்தக் கதவு இத்தனை கோணம், அந்தக் கதவு அத்தனை கோணம் என்று ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரு கட்டக் காகிதத்தில் குறித்து, இடிக்காத இடங்களை மட்டும் வண்ணம் தீட்டினால் ஒரு வரைபடம் கிடைக்கும். புரதச் சங்கிலியும் அப்படித்தான். தட்டையான பலகைகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன; இரண்டு பலகைக்கு நடுவே ஒரு கார்பன் அணு தூணாக நிற்கிறது; அதன் இருபுறமும் இரண்டு கீல். ஒரு கீலின் கோணத்துக்கு ஃபை என்றும் மற்றதற்கு சை என்றும் பெயர். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் மேசைக் கணக்குப்பொறியைச் சுழற்றிச் சுழற்றி, ஒவ்வொரு கோணச் சேர்க்கையிலும் எந்த அணு எதை இடிக்கிறது என்று கணக்கிட்டார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி அடைபட்ட நிலமாகிவிட்டது. கால்வாசிக்கும் குறைவான இடம்தான் திறந்திருந்தது. 1963-இல் மூலக்கூறு உயிரியல் இதழில் ஐந்து பக்கத்தில் வந்தது. இன்று உலகெங்கும் அதன் பெயர் ராமச்சந்திரன் வரைபடம்.

அந்த வரைபடத்திலும் கிளைசினுக்கு மட்டும் திறந்த நிலம் மிக அதிகம். பக்கத்தில் சுமை இல்லாததால் அதன் கதவுகள் அவ்வளவாக இடிப்பதில்லை.

கணக்குப்பொறி என்றதும் கணினியை நினைக்க வேண்டாம். கைப்பிடியைச் சுழற்றிப் பெருக்கல் போடும் இரும்புப் பெட்டி. ஒரு கோணத்தை மாற்றினால் எல்லா அணுக்களின் இடத்தையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சுழற்றி, மாலையில் கட்டக் காகிதத்தில் சில புள்ளிகள். ஆய்வகக் கட்டடத்தின் வரலாறு என்று எழுதும்போது திறப்பு விழாவையும் கல்வெட்டையும் எழுதுகிறோம். மதிய வெயிலில் அந்தக் கைப்பிடி கடகடவென்று சுற்றிய சத்தத்துக்கு ஒரு கல்வெட்டு வைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

1963 ஜனவரியிலும் 1967 ஜனவரியிலும் புரத அமைப்பைப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்குகள் சென்னையில் நடந்தன. பல்கலைக்கழக மானியக் குழு அந்தத் துறையை உயர் ஆய்வு மையமாக்கியது. பிறகு 1970 வாக்கில் ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூர் போனார். அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். உடம்பைச் சுற்றி எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள் உருவத்தைக் கணக்கிடும் வழியொன்றை ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971-இல் எழுதினார், இன்றைய சி.டி. ஸ்கேன் கணக்கின் வேர்களில் அதுவும் ஒன்று. 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் காலமானார். நோபல் பரிசு அவருக்குத் தரப்படவில்லை. தந்திருக்க வேண்டும்.

கிண்டி வளாகமும் மாறியது. 1944-இல் அழகப்பச் செட்டியார் கொடையில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதோடு சேர்ந்தது. படிகவியலும் உயிர் இயற்பியலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே தங்கின. அந்தத் துறை இன்றும் கிண்டி வளாகத்தில் இயங்குகிறது. உலகில் யார் ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அதை 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கிக்கு அனுப்புமுன் ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். புள்ளிகள் அடைபட்ட நிலத்தில் விழுந்தால் எங்கோ பிழை. கணினியே புரத வடிவத்தை ஊகித்துச் சொல்லும் இந்தக் காலத்திலும் அந்தச் சோதனை கைவிடப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் புளியங்குடிக்கு எலுமிச்சை நகரம் என்று பேர். ஆட்டுக்கால் சூப்பில் ஆச்சி அந்தப் பழத்தில் பாதியைப் பிழிந்துவிட்டுத்தான் கொடுப்பாள். ருசிக்குத்தான். ஆனால் முப்புரிக்கும் எலுமிச்சைக்கும் ஓர் உறவு உண்டு. கொலாஜனில் புரோலின் என்ற கண்ணிகள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றின் மேல் உடம்பு ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த குமிழை ஒட்டவைக்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் சி வேண்டும். குமிழ் இல்லாவிட்டால் முப்புரி 24 டிகிரி அளவிலேயே பிரிந்துபோகும். குமிழ் இருந்தால் 39 டிகிரிவரை தாங்கும். நம் உடம்பின் சூடு 37. பழமும் காய்கறியும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு கரைந்து, ஆறிய பழைய காயம் மறுபடி திறந்ததற்குக் காரணம் இதுதான்: புதிதாகத் திரித்த கயிறு உடம்புச் சூட்டிலேயே அவிழ்ந்துகொண்டிருந்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளி மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து மருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். ஏன் என்று அவருக்குத் தெரியாது.

இப்போது ஆலங்குளத்திலேயே அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி வந்திருக்கிறது. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாடம் படித்த வீடுகளின் பெண்கள் அங்கே படிக்கிறார்கள். அவர்களில் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்ல நினைப்பது அந்தச் சட்டியைப் பற்றித்தான். ஆட்டுக்காலைக் கொதிக்க வைக்கும்போது கொலாஜனின் முப்புரி அவிழ்ந்து, ஒவ்வொரு புரியும் தனித்தனியே சூப்பில் மிதக்கிறது. அதற்குத்தான் ஜெலட்டின் என்று பேர். அடுப்பு அணைந்து, இரவு குளிர்ந்து வரும்போது, அந்த இழைகள் பக்கத்தில் கிடைத்த வேறு இரண்டு இழைகளோடு சேர்ந்து ஆங்காங்கே மறுபடி முப்புரியாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. முழுதாக முடிவதில்லை, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். அந்த முடிச்சுகளுக்கு நடுவே தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. காலையில் சட்டியைச் சாய்த்தால் கொட்டாமல் நடுங்குவது அதனால்.